வீரமலை செத்த வீடு

வீரமலையைக் கொன்றே தீருவது என்று பொம்மையன் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தபோது. பெரிய பெரிய கொலைகளெல்லாம் இப்படித்தான், டம்ளர் கையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன.

வீரமலை அவர் எழுதும் தொடர்கதையின் நாயகன். சூரியன் அவிந்துபோன ஒரு நாடு. அதை ஆள்பவன் பேய்க்குப் பிறந்த ஒரு ராஜா. மனிதர்களைக் குழிக்குள் இறக்கி, அரக்கர்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது அவன் பொழுதுபோக்கு. அந்தக் குழியில் இறங்குகிறவன்தான் வீரமலை. குட்டையன். ஒரு கால் வேறு கோணல். முதல் பாகம் முழுக்க அடி வாங்கியே பிழைத்தான். செல்போனில் கதை படிக்கிற கூட்டம் அவனுக்காக உயிரை விட்டது. ஆகவே இரண்டாம் பாகம்.

சாணார்பட்டியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மனுசனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறதென்று ஊரே வாய் பிளந்தது. அவருக்கு ஒரே குறை, விரல். வார்னிஷ் ஊறித் தடித்த விரல், ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்தும் சேர்ந்து வரும். அதனால் அவர் கூடத்தில் நடந்துகொண்டே சொல்வார். மனைவி மகேஸ்வரி செல்போனில் அடித்து ஏற்றிவிடுவாள். ஏற்றியதை அவர் திரும்பப் படிப்பதில்லை. "போட்ட முட்டையக் கோழி திரும்பிப் பாக்குமா?" என்பார். கோழி பார்ப்பது மட்டுமல்ல, அதன்மேல் உட்கார்ந்தும் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"ஏ மகேசு, கடைசி அத்தியாயம். அடி. ராஜாவோட ஈட்டி வீரமலை நெஞ்சுல பாயுது."

மகேஸ்வரியின் விரல் நின்றது.

"பாஞ்சு?"

"செத்துப் போறான்."

"ஏங்க?"

"என்ன ஏங்க? இது டார்க் கதைடி. நாயகன் செத்தாத்தான் நெஞ்சுல நிக்கும்னு நம்ம கூட்டாளி ஆண்டனிராஜ் படிச்சுப் படிச்சுச் சொல்றான்."

"அவருக்கென்ன, அவரா பேரு வச்சாரு?"

பொம்மையன் டம்ளரைக் கீழே வைத்தார். வீரமலை கதைக்காகத் தேடிய பெயர் இல்லை. கல்யாணமான புதிதில், பிறக்கப்போகிற பையனுக்கென்று மகேஸ்வரி எடுத்து வைத்த பெயர். பையன் பிறக்கவில்லை, பெண்ணும் பிறக்கவில்லை. பழனிக்கு நடந்ததும் மதுரை டாக்டர்களிடம் அலைந்ததும்தான் மிச்சம். முதல் பாகம் தொடங்கிய அன்று, குட்டையனுக்கு என்ன பெயர் வைப்பதென்று அவர் மண்டையைச் சொறிந்தபோது, "வீரமலைன்னு வைங்க, அது சும்மாதான கெடக்கு" என்றாள் அவள்.

"பேரு வேற, கதை வேற. நீ அடி" என்றார் பொம்மையன். குரல் கொஞ்சம் கம்மியது. இருந்தாலும் எழுத்தாளர் அல்லவா, கொன்றுவிட்டார். குழியின் அடியில், மண்ணில் முகம் புதைய, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் கொன்றார். மகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள்.

"ஏத்திட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அடுப்பு பற்றவில்லை. மகேஸ்வரி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி எங்கடி?"

"எழவு வீட்டுல அடுப்பு பத்தவைப்பாகளா?"

"யாரு எழவு?"

"பெத்தவரு கேக்குற கேள்வியப் பாரு."

அதற்குள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் வந்துவிட்டாள். கண் மங்கிப்போனதால் வாராவாரம் மகேஸ்வரியை வாசிக்கச் சொல்லிக் கதை கேட்கிறவள். வந்தவள் மகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள்.

"கோணக்காலு ஊணி வந்து
குழியில நின்ன மகராசா,
பெத்த அப்பன் வாயாலயே
பேரழிஞ்சு போனியே!"

"அக்கா, அது கதைக்கா!"

"கதையில செத்தாலும் சாவு சாவுதான தம்பி. பதினாறு கழியுற வரைக்கும் கறி மீனு ஆகாது, தெரியும்ல? கருமாதிக்கு மொட்டை போடணும். கொள்ளி வச்சது நீங்கதான?"

பொம்மையனுக்கு வந்ததே கோபம்! திண்டுக்கல் சீமையில் பிறந்தவனை ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கறி தின்னாதே என்பதா? சட்டையை மாட்டினார். வண்டியை முறுக்கினார். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் போய்த்தான் நிறுத்தினார்.

இலை விரிந்தது. சீரகச் சம்பா சோறு ஆவி பறக்க விழுந்தது. நடுவில் நல்லியெலும்பு. அள்ளினார். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

பெத்த அப்பன் வாயாலயே.

அவரை அப்பன் என்று யாரும் சொன்னதில்லை. இத்தனை வயசுக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் ஒப்பாரியில். சோறு இறங்கவில்லை.

"என்னண்ணே, உப்பு கூடிப்போச்சா?" என்றார் பரிமாறுகிறவர்.

"வீட்டுல துக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் பொம்மையன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தார்.

"மகேசு, போனை எடு. அந்த ஈட்டி நெஞ்சுல பாயல. விலாவுல ஒரசிக்கிட்டுப் போயிருச்சு. அவன் எந்திரிக்கிறான்."

"எந்திரிச்சு?"

"ராஜாவ அடிச்சுச் சாய்ச்சுட்டுக் குழியில இருந்து ஏறி வாரான். கோணக்காலை ஊணி ஊணி வாரான்."

"மேல யாரு நிக்கிறா?"

பொம்மையன் நடப்பதை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க ஆத்தாளும் அப்பனும் நிக்கிறாக" என்றார்.

மகேஸ்வரி அடித்து முடித்தாள். எழுந்து தலையை முடிந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். துக்கம் கேட்க வந்த கண்ணம்மாள் அங்கேயே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். செத்த நேரத்தில் கறி கொதிக்கிற வாசம் கூடத்துக்கு வந்தது.

"ஏ, கறி எப்ப வாங்குன?"

"காலையிலயே."

பொம்மையன் அதை யோசிக்கப் போகையில் போன் அடித்தது. ஆண்டனிராஜ்.

"யோவ், எழுத்தாளரே! விடிய எந்திரிச்சதும் படிச்சுட்டேன்யா. பாஞ்சு வந்த ஈட்டிய வெறுங்கையில புடிச்சு, திருப்பி ராஜா நெஞ்சுலயே எறக்குனான் பாரு வீரமலை! கொல்லப் போறேன்னு எங்கிட்டயே கதை விட்டுட்டியே!"

பொம்மையன் போனை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஏண்டி, நேத்தே அவனைப் பொழைக்க வச்சுத்தான் ஏத்துனியா?"

"ஆமா."

"அப்ப காலையில இருந்து எதுக்குடி இம்புட்டு ஒப்பாரி?"

மகேஸ்வரி குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்தாள்.

"மூணாம் பாகம்னு ஒண்ணு எழுதுவீகல்ல, அதுல ஈட்டியத் தூக்காம இருக்கத்தான்."