ஹர்க்கமானி என்றொரு பூச்செடி

சாவதற்குள் ஒரு செடிக்காவது என் பெயர் வந்துவிட வேண்டும் என்று ஐம்பதாவது வயதில் முடிவெடுத்தேன். நான் ஹர்க்கமான் சுப்பா. கியால்ஷிங் என்ற மலையூரில் தாவரவியல் வாத்தியார். இருபது வருஷம் செடிகளின் வகைப்பாடு நடத்தியும் மாணவர்கள் என்னை 'அந்த இலை சார்' என்றுதான் சொல்கிறார்கள்.

மே மாதம், மாமனார் ஊருக்கு மேலே உள்ள முகட்டில் அந்தப் புதரைக் கண்டேன். முழங்கால் உயரம். சுண்டுவிரல் நகமளவு இலை, அதன் அடியில் துருப்பிடித்த மாதிரி செதில். கிளை நுனியில் கொத்தாக வெளிர்மஞ்சள் பூ. நாங்கள் இலையைக் காயவைத்துத் தூபம் போடும் சுன்பாத்திச் செடிக்குச் சொந்தம்தான். ஆனால் சுன்பாத்தி இடுப்பு உயரம் வளரும், இலையும் இரண்டு பங்கு பெரிசு. ஆகவே இது புது இனம். தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அழகில்லை என்பதால், கூட வேலை பார்க்கும் நோர்புவைக் கெஞ்சி, அவர் சூட்டுவதாகச் சம்மதிக்க வைத்தேன். 'ஹர்க்கமானி.' சொல்லிப் பார்க்கும்போதே நாக்கு இனித்தது.

விவரணை எழுதப் பூவும் இலையும் போதாது, காயும் வேண்டும். அக்டோபரில் போய்ப் பார்த்தால் ஒரு கிளையிலும் காய் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

என் மனைவி தில்குமாரி அந்த முகட்டில் வளர்ந்தவள். காய் எங்கே கிடைக்கும் என்று தனக்குத் தெரியும் என்றாள். அதற்கு முன் சமையலறைக் கூரைத் தகரத்தை மாற்றிவிடச் சொன்னாள். மூன்று வருஷமாக நான் தட்டிக் கழித்த வேலை. பதினோரு நாள் கூரையில் கிடந்தேன், இரண்டு தடவை விழுந்தேன். பன்னிரண்டாம் நாள் கைக்குட்டையில் காய்களை முடிந்து கொண்டுவந்தாள். மே மாதம் பறித்த கிளையோடு சேர்த்துக் கல்கத்தாவில் ஒரு தாவர நிபுணருக்கு அனுப்பி வைத்தேன்.

பிப்ரவரியில் அவருடைய பதில் வந்தது. காய் அசல் சுன்பாத்திக் காய், செடியும் சுன்பாத்திதான், அடிக்கடி வெட்டுப்பட்டதால் குறுகியிருக்கிறது என்று இரண்டே வரி.

தில்குமாரி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எங்கம்மா வருஷா வருஷம் தூபத்துக்கு அதைத்தானே வெட்டுறாங்க. வெட்டி வெட்டிக் குள்ளமாப் போச்சு, காயும் நிக்கல. நான் பறிச்சது வெட்டாத செடியில."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க ஏணியில ஏறியிருப்பீங்களா, வாத்தியாரே?"

வகைப்பாட்டில் வகை அவளுக்கு, பாடு எனக்கு.

அவள் டீயை நீட்டினாள்.

"மேற்குச் சரிவுல நீலமாப் பூக்குற புதர் ஒண்ணு இருக்கு. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. பன்னிக் கொட்டில் இடிஞ்சு கிடக்கே, அதை முடிங்க. கூட்டிட்டுப் போறேன்."

பொய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மூங்கில் வெட்டப் போனேன்.