மௌன வில்லை

கணினி உதிரிபாகக் கடையின் மாடியில் நிற்க இடமில்லை. கழற்றிய கணினியைத் தூக்கிக்கொண்டு சிலர், கூலரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சிலர், வெறும் நம்பிக்கையோடு வந்தவர்கள் மீதிப் பேர். எல்லாரும் மௌனசாமியைப் பார்க்க வந்தவர்கள்.

மௌனசாமி பேசமாட்டார், முணுமுணுப்பார். அவர் விற்பது செம்பு வில்லை. பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின்மேல் அதை ஒட்டினால் விசிறியின் இரைச்சல் அடங்கிவிடுமாம். எப்படி? “அதிர்வுகள் சமாதானமாயிடும்” என்பார். அதிர்வுகளுக்குள் என்ன சண்டை என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா, பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். அங்கிருந்த பழைய கணினியின் இரைச்சல் அவள் குரலோடு கலந்து, “கதாநாயகி சாகும்போது பக்கத்துல மிக்சி ஓடுது” என்ற குறிப்போடு பதிவு திரும்பி வந்தது. இன்னொரு முறை திரும்பினால் வேலை போய்விடும். பாகங்களைச் சேர்த்துப் புதுக் கணினி செய்து தருவதாகத் தம்பி ஏற்றுக்கொண்டான். எல்லாம் வாங்கியாயிற்று. கூலர்தான் பாக்கி.

“பெரிய கூலரா வாங்கிடலாமேடா.”

“எதுக்குக்கா? சின்னதை வாங்கி வில்லையை ஒட்டினா முடிஞ்சுது. இத்தனை பேரும் முட்டாளா?”

அக்கா கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

மேசைமேல் மூடி கழற்றிய கணினி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. “எல்லாரும் கண்ணை மூடுங்க. பார்வை பட்டா மௌனம் கலைஞ்சிடும்” என்றார் மௌனசாமி. படித்தவர், படிக்காதவர் என்ற வேற்றுமை இல்லாமல் எல்லாரும் மூடினார்கள். வில்லை ஒட்டப்பட்டது. இரைச்சல் மெல்லத் தேய்ந்து அடங்கியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவும் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் காதுதான் அவள் பிழைப்பு. இரைச்சல் தேய்வதற்குச் சற்று முன், மேசைக்கடியில் ‘டிக்’ என்றது.

“ஐயா, வில்லையை எடுங்க. சத்தம் திரும்ப வருதான்னு பாப்போம்.”

“நம்பிக்கையில்லாம கேக்கறீங்கம்மா.”

“காதாலதானே கேக்கறோம். நம்பிக்கை எதுக்கு?”

அவளே வில்லையைப் பெயர்த்தெடுத்தாள். மௌனம் கலையவில்லை. மௌனசாமியும் அசரவில்லை. “சக்தி உள்ள இறங்கிடுச்சு. எடுத்தாலும் போகாது.”

“அப்போ ஊருக்கே ஒரு வில்லை போதுமே. மாத்தி மாத்தி ஒட்டி எடுத்துக்கலாம்.”

கை நிறைய வில்லை வாங்கியிருந்த பெரியவர் ஒருவர் தன் கையைக் கவலையோடு பார்த்துக்கொண்டார்.

அக்கா விடவில்லை. “தம்பி, அந்தக் கணினிக்கு ஏதாவது கனமான வேலை கொடு.”

தம்பி பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்ற விட்டான். கூலர் சுட்டது. திரை திணறியது, பிறகு பட்டென்று அணைந்தது.

“இப்பதான் முழு மௌனம்” என்றாள் அக்கா.

தம்பி மேசைக்கடியில் குனிந்தான். விசிறிக்குப் போகும் கம்பி திருகும் குமிழ் ஒன்றில் வந்து முடிந்திருந்தது. குமிழை ஒட்டி மௌனசாமியின் முழங்கால்.

“விசிறி வேகத்தைக் குறைச்சிருக்காருக்கா. அவ்வளவுதான்.” அவன் காது சிவந்திருந்தது.

“இருந்தாலும் சத்தம் கொறஞ்சுது இல்லையா?” என்றார் பெரியவர்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “கழுத்தைப் பிடிச்சா யாருங்க சத்தம் போடுவாங்க?”

மௌனசாமி அன்றுதான் உரக்கப் பேசினார். கடை மூடும் நேரமாகிவிட்டது என்றார். அப்போது மதியம்.

இருவரும் வீட்டுக்குப் போய்ப் புதுக் கணினிப் பெட்டியின் உள்ளகலத்தை அளந்தார்கள். அதற்குள் அடங்குகிற பெரிய கூலராக, அகலமான விசிறியோடு, வேறு கடையில் வாங்கினார்கள். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே வேண்டிய காற்றைத் தள்ளிவிடும். சின்னது பறந்து பறந்து சுற்ற வேண்டும், கத்தவும் வேண்டும். இதில் சக்தியும் இல்லை, சமாதானமும் இல்லை. அக்கா மறுபடி வாசித்து அனுப்பிய பதிவு திரும்பி வரவில்லை.

மௌனசாமி இப்போது வேறொரு தெருவில் கைபேசிச் சூட்டைத் தணிக்கும் வில்லை விற்கிறார். வரிசையில் அந்தப் பெரியவரும் நிற்கிறார். கணினி சத்தமில்லாமல் ஓடட்டும், நல்லதுதான். நம் மண்டைக்குள் இருப்பது ஓடும்போது கொஞ்சம் சத்தம் வந்தால் பரவாயில்லை. முதலில் அது ஓடட்டும்.