வெள்ளைச் சுவரும் என் கேமராவும்

இனி இந்த வீட்டில் யாரும் ஸ்டுடியோ வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். யாரும் என்றால் நானும் என் மனைவியும்தான். புது டிஜிட்டல் கேமரா வாங்கிய மனிதன் வீட்டில் இருக்கும்போது ஸ்டுடியோவுக்குப் போனால் என் மானம் என்னாவது?

கேமராவோடு ஒரு தடிப் புத்தகமும் வந்தது. அதை நான் தொடவில்லை. புத்தகம் பார்த்துப் படம் எடுப்பவன் என்ன நிபுணன்? என் மனைவி வேறு மாதிரி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருமல் மருந்து லேபிளைக்கூடக் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டாள்.

அவளுடைய அடையாள அட்டைக்கு வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் கேட்டிருந்தார்கள். ஹால் சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கேமராத் திரையில் வெளிச்சம் காட்டும் முள் ஒன்று உண்டு. அது நடுவில் நிற்கும்வரை எல்லாவற்றையும் திருகினேன். நடுவில் நின்றால் சரி. எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான்.

க்ளிக். படத்தில் சுவர் சாம்பல் நிறம். அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் போல இருந்தாள்.

"என்னங்க இது, மழை வரப்போற மாதிரி இருக்கு?"

"எக்ஸ்போஷர் பக்கா. முள்ளு நடுவுல நிக்குது பாரு."

"அப்ப சுவர் ஏன் சாம்பலா இருக்கு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"இருக்கறதைத்தான் அது காட்டும். கேமரா பொய் சொல்லாது."

"நிச்சயமா?"

"சத்தியமா."

"மூணு வருஷமா பெயிண்ட் அடிங்கன்னு கெஞ்சறேன். சுவர் பால் மாதிரி இருக்கு, எதுக்கு வெட்டி வேலைன்னீங்க. இப்ப யார் சொல்றது பொய்? நீங்களா, கேமராவா?"

சுவர் வெள்ளைதான் என்று சாதித்து என் சோம்பலைக் காப்பாற்றினால் நிபுணன் பட்டம் போய்விடும். சுவர் அழுக்குதான் என்று ஒத்துக்கொண்டேன்.

மாடி வீட்டுக்காரரிடம் ஏணி வாங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் கீழே நின்று, "அந்த மூலை விட்டுப்போச்சு" என்று பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை மறுபடி நாற்காலி. முள் நடுவில். க்ளிக். அதே சாம்பல். என் முகம்தான் வெளுத்தது.

"இன்னொரு கோட் அடிக்கணுமோ?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"இங்க குடுங்க."

என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு சக்கரத்தை லேசாகத் திருகி, முள்ளை நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளினாள். க்ளிக். சுவர் பளீரென்று இருந்தது. என் காதோரத்துப் பெயிண்ட்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"வெள்ளையைப் பார்த்தா வெளிச்சம் ஜாஸ்தின்னு முள்ளு ஏமாந்துடுமாம். நாமதான் கொஞ்சம் கூட்டி வைக்கணும். நாப்பத்திரெண்டாம் பக்கம்."

"அதை எப்போ படிச்சே?"

"நீங்க பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே."

"போன வாரமே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இந்தச் சுவருக்கு யாருங்க பெயிண்ட் அடிச்சிருப்பாங்க?"

கேமராவை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கப் போனேன்.

"உள்ள வச்சிடாதீங்க. சமையலறைச் சுவரையும் ஒரு படம் எடுத்துடுங்க. முள்ளை நடுவுலயே வச்சு."