ஃபின்னுக்கு வைத்த பொட்டு

கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவன் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டால், அதைப் பற்றி ஊரில் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். எனக்கு அந்த அடக்கம் இருந்ததில்லை. பொம்மிடிப் பக்கம் எங்கள் ஊர். சென்னைக்கு வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே பழைய சர்ஃபிங் பலகை ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் கோவளத்தில் விழுந்துகொண்டிருந்தேன்.

விழுவதற்குக் காரணம் ஃபின்கள்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். (என் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதை ஆராயவில்லை.) பலகையின் அடியில், வால் பக்கம், சுறா முதுகில் இருப்பதுபோல நிற்கிறதே, அதுதான் ஃபின். என் பலகைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். சின்ன ஃபின் மாட்டினால் திரும்பும்போது வால் நழுவும். அடி அகலமாக, பின்னால் சாய்ந்த பெரிய ஃபின் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. தட்டை உள்ளே பார்க்க வேண்டும், வளைவு வெளியே. இதையெல்லாம் மாதக்கணக்கில் படித்து, பார்த்தவர்களையெல்லாம் கேட்டு நச்சரித்து, ஒரு ஜோடி வாங்கினேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு அலசவில்லை.

பெண் சங்கீதா, பென்னாகரம். பார்த்த அன்றே இருவருக்கும் பிடித்துவிட்டது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் அவள் அப்பாவுக்கு என் கடல் விவகாரம் தெரிந்துபோனது. சிறுவயதில் அவருடைய அண்ணனை ஒகேனக்கலில் ஆறு கொண்டுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு ஆடிப்பெருக்குக்குக்கூட அவர் ஆற்றுப் பக்கம் போனதில்லை. "தண்ணியில வெளையாடற பையனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு என்னால தூங்க முடியாதுங்க" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பலகையை விற்றுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரில் பார்த்தால் பயம் போய்விடும், எங்கள் ஏரிக்கு வாருங்கள் என்று அழைத்தேன். விஜயதசமி அன்று வருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சங்கீதா போனில், "ஒழுங்கா பண்ணுங்க. எங்கப்பா இன்னொரு வாட்டி வர மாட்டாரு" என்றாள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. டிராக்டர், மோட்டார், அரிவாள்மணை என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தாக வேண்டும். சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த பலகையும் அந்த வரிசையில் சேர்ந்தது. அப்பா அதைக் கலப்பையாகவே பாவித்து, கொழுவைக் கழற்றுவதுபோல ஃபின்களைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா கழுவித் துடைத்து, வைக்கத் தோதான தட்டைப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். திருப்பி மாட்டும்போது அப்பாவுக்கு ஒரு சங்கடம். பூஜையில் வைத்த பொட்டு உள்ளே மறைந்து நிற்கலாமா? இடத்து ஃபின்னை வலத்திலும், வலத்து ஃபின்னை இடத்திலும் மாற்றி, பொட்டு வெளியே தெரிய முறுக்கிவிட்டார். காலையில் நானும் பார்த்தேன். லட்சணமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஏரியில் அலை ஏது? சித்தப்பா மகன் குமார் பைக்கின் பின்னால் கயிறு கட்டிக் கரைமேல் ஓட்டுவான், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரில் வருவேன் என்று ஏற்பாடு. சங்கீதாவின் அப்பா வெள்ளை வேட்டியில் வந்து, கரைமேல், தண்ணீர் இல்லாத பக்கச் சரிவோரமாகத் தள்ளி நின்றார். நான் பலகையைக் கவிழ்த்துக் காட்டி, கட்டுப்பாடு என்பதே ஃபின்னில்தான் இருக்கிறது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களப் புடிச்சு நிறுத்துமுங்களா தம்பி?"

"நான் சொன்ன பக்கம் போகுமுங்க" என்றேன்.

குமார் கிளப்பினான். எழுந்து நின்றேன். அவரைப் பார்த்துக் கைகூட அசைத்தேன். (தேவையா?) திரும்புவதற்குக் காலை அழுத்தியதும் பலகை எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்தது. நான் தலைகுப்புற ஆகாயத்தாமரைக்குள் போனேன். பலகை பின்னாலேயே வந்து மண்டையில் தட்டியது. (ஃபின் மாறியிருந்தாலும் தெரிந்தவன் நின்றிருப்பான் என்று கோவளத்து நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். அவரோடு இப்போது அவ்வளவாகப் பேச்சு இல்லை.) வேர்கள் முகத்தில் சுற்றிக்கொண்டதில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் தவித்தேன். எழுந்து நின்றிருந்தால் இடுப்பளவுத் தண்ணீர்தான். அது எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கும் தோன்றவில்லை. வேட்டியோடு குதித்திருந்தார். என் பனியனைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, "வுட மாட்டேன், வுட மாட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்ற பிறகும் விடவில்லை. யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தபோது, வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கரையேறியதும் பலகையை விற்றுவிடுகிறேன் என்றேன். அவர் வெகுநேரம் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"விக்க வேண்டாங்க மாப்ள. போறப்ப எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க. வந்து கரையில நின்னுக்கறேன்."

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. சம்பந்தி மாப்பிள்ளை பிடித்த கதையை அம்மா இன்றும் எல்லா விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோவளத்துக்கு மாமா தவறாமல் வருகிறார். அதோடு போகவில்லை. பென்னாகரம் வீட்டில் நான் குளிக்கப் போய், தண்ணீர் மொள்ளும் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், கதவுக்கு வெளியே குரல் வரும்.

"மாப்ள, இருக்கறீங்களா?"

வீடே சிரிக்கும். சங்கீதாவின் சிரிப்பு தனியாகக் கேட்கும். கண்ணில் சோப்பு எரிந்தாலும் நான் உடனே, "இருக்கேனுங்க மாமா" என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கதவை விட்டு நகர்வார்.