பசைப்போரும் பச்சைப் பொட்டலமும்

மூன்று மணி நேரம்! அத்தனை நேரம் நடந்த பெரும்போரைப் பாட எம் நாவுக்கு வலுத் தருக, தாவோயுவான் தொழிற்பேட்டையின் குளிர்காற்றே! வாழ்க எம் தலைவி யீசென்: வெண்தொப்பி சூடியவள், நீலக் கையுறை பூண்டவள், உரக்கப் பேச நாணுபவள், நாற்பத்தெட்டுக் குழிகொண்ட தட்டின்மேல் பசைமாரி பொழியும் எந்திரத்துக்கு ஆணை எழுதுபவள்!

ஆணை எளிது. முதற்குழியில் ஒரு வளையம் இடு. பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மீண்டும் இடு. தட்டு நிறையும்வரை ஓயாதே. அவ்வாறே வாளெனத் தாழ்ந்த ஊசி முதற்குழியில் முழுநிலவு வரைந்தது. நான்காவதில் நிலவு சாய்ந்தது. எட்டாவதிலோ, மதிலேறும் பகைப்படைபோல் பசை கரையேறி வழிந்தது.

மாலை மணிக்குள் ஒரு தட்டாவது தேறவேண்டும். இல்லையேல் எந்திரம் மூன்றாம் வரிசைக்குப் போகும். யீசென் பழையபடி பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போவாள். ஊசியை மாற்றினாள், காற்றழுத்தத்தைக் குறைத்தாள், தட்டைத் துடைத்தாள். தான் எழுதிய எண்களை மட்டும் பார்க்கவில்லை. அவள் விழிகள் ஏனோ எந்திரத்தின் உச்சிக்கே ஓடின.

அங்கேதான், எந்திரங்கள் அடங்கி நடக்க அவ்வூர் நம்பிக்கைப்படி ஒவ்வொன்றின் தலைமேலும் வீற்றிருக்கும் பச்சைநிறப் பொரிப் பொட்டலம் இருந்தது. வரிசைத் தலைவர் காவ் அதைத் தூக்கிப் பார்த்தார். காலி!

"அடப்பாவிகளா! காவலுக்கு வெச்சதையே தின்னுட்டீங்களே! எந்திரம் கோவிச்சுக்காம என்ன செய்யும்? தின்ன கை இனிமே இந்த எந்திரத்தத் தொடாது, சொல்லிட்டேன்!"

அத்தனை விழியம்புகளும் பக்கத்து மேசை போஹான்மேல் பாய்ந்தன.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் தின்னா ஒண்ணோட நிறுத்துவேனா அண்ணே?"

புதுப் பொட்டலம் வந்தது. காவ் அதை இரு கையாலும் ஏந்தி எந்திரத்துக்கு முடிசூட்டினார். ஊசி இறங்கியது. எட்டாம் குழியில் பசை மறுபடியும் மதிலேறியது.

அக்கணமே யீசெனின் நெஞ்சிலேறியிருந்த மலை இறங்கியது. எந்திரத்தின் கோபம் பொட்டலத்தால் வந்தது அல்ல! அளவுகோலை உறையுருவினாள். வரைபடம் பன்னிரண்டு என்றது. தட்டோ மயிரிழை கூடுதல் என்றது. குழிக்கு ஒரு மயிரிழையாகச் சேர்ந்த பகையே எட்டாம் குழியைக் கவிழ்த்திருந்தது. எண்ணை அழித்தாள், மூலைக் குழிகளை ஊசிக்குக் காட்டி, நடுவிலுள்ள தூரத்தை நீயே பங்கிட்டுக்கொள் என்று ஆணையிட்டாள். நாற்பத்தெட்டு முழுநிலவுகள் ஒருசேர உதித்தன! மாலை மணி முழங்கியது.

"பாத்தீங்களா பொட்டலத்தோட சக்திய? கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு, அவ்வளவுதான்!" என்று முரசறைந்தார் காவ். "யீசென், எந்திரம் உனக்குத்தாம்மா. டேய் போஹான், நாளைலேர்ந்து நீ ஸ்டிக்கர் ஒட்டு."

போஹானின் முகம் கதிர் மறைந்த தாமரையாயிற்று. வெற்றித் திருமகள் மாலையோடு காத்து நிற்க, எண்திசையும் செவிசாய்க்க, எந்திரங்கள் மூச்சடங்க, அன்றுவரை எவரும் கேட்டிராத உரத்த குரலில் எம் தலைவி வாய்மலர்ந்தாள்:

"அண்ணே, மத்தியானம் பசிச்சுது. அத நான்தான் தின்னேன்."