இடியப்ப அன்ரியின் எட்டு சிலிண்டர் கார்

எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய சொகுசுக் காரில் இடியப்பம் கொண்டுபோய் விற்ற பெண் ரொறன்ரோவில் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுதினாலும் மறுத்து எழுத எவரும் வரப்போவதில்லை.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், என் வீட்டுக்கு நேரே மேல் வீட்டில் இருந்தார். எல்லோருக்கும் அவர் இடியப்ப அன்ரி. கணவர் விமான நிலையத்தில் லிமோசின் ஓட்டியவர். அவர் காலமான பிறகு அன்ரிக்கு மிஞ்சியது அந்தப் பழைய கறுப்பு ஜெர்மன் கார். பெரிய கம்பெனி முதலாளிகள் சாய்ந்திருந்த தோல் இருக்கையில் அன்ரி இடியப்பப் பார்சல்களை அடுக்கி, இருக்கையைச் சூடாக்கும் பொத்தானை அமத்தி, ஸ்காபரோ முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பார். கதவு திறக்கப் பிந்தினால் தொலைந்தது.

"ரெண்டாந்தரம் பெல் அடிக்க நான் என்ன தபால்காரியே?"

சம்பல் கொஞ்சம் உறைக்கிறது என்று ஒருவர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். "அப்ப பாணை வாங்கிப் பாலிலை தோய்ச்சுத் தின்னுங்கோ" என்று பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதர் அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்டு மறுபடி ஓடர் கொடுத்தார்.

ஒரு ஜனவரியில் கார் படுத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் செல்வன் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு வந்து பார்த்தான். ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேற்றர் செத்துவிட்டது.

"இது சும்மா ஆல்டர்னேற்றர் இல்லை அன்ரி. தண்ணியாலை குளிருற சாமான். கடையளிலை எடுக்கேலாது."

"தண்ணி இல்லாட்டி எனக்கும்தான் சூடு பிடிக்குது. அதுக்காக என்னைத் தூக்கி எறியிறதே?"

இதற்குள் கட்டட நிர்வாகம் கார்க் கண்ணாடியில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டது. ஓடாத வாகனங்களை மாத முடிவில் இழுத்துச் சென்றுவிடுவார்களாம். நான் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னேன். "அன்ரி, நாங்களே ஒரு டோ ட்ரக்கைக் கூப்பிட்டுச் செல்வன்ரை கராஜிலை கொண்டுபோய் விடுவம்."

வழக்கம்போல் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அன்ரி பொனெற்றில் கையை வைத்தபடி சொன்னார்.

"அவர் எயார்போட்டிலை ஆளேத்த லைனிலை நிக்கேக்கை, சீற்றிலை இருந்தபடியே போனவர். பின்னாலை நிண்டவங்கள் ஹோன் அடிச்சிருக்கிறாங்கள். பிறகு ஆளை ஒரு பக்கம் கொண்டு போனாங்கள், காரை ஒருத்தன் கொழுவி இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நான் முதல் எதுக்குப் பின்னாலை போறது? இந்தக் கார் இனி இழுபடாது தம்பி."

நான் அதற்குமேல் டோ ட்ரக் என்ற சொல்லை எடுக்கவில்லை.

பழைய கார்களைக் கழற்றி விற்கும் இடங்களுக்கெல்லாம் போன் அடித்தோம். கடைசியில் ஒஷாவாவில் ஒருவன் தன்னிடம் அதே மாடல் நிற்கிறது என்றான். என் காரில் இருவரும் போனோம். பனிக்குள் வரிசை வரிசையாகச் செத்த கார்கள். அன்ரி ஒவ்வொன்றையும், ஆஸ்பத்திரி வார்ட்டில் சொந்தக்காரரைத் தேடுகிறவர்போல் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்களுக்குரியது சாம்பல் நிறத்தில் நின்றது. முன்பக்கம் புதிதுபோல் இருந்தது. பின்பக்கம் என்று ஒன்றே இல்லை.

"இதிலை வந்த ஆக்கள் தப்பினவையோ எண்டு கேள்."

கேட்டேன். கார் யார்ட்டுக்காரன் தனக்குத் தெரியாது என்று தோளைக் குலுக்கினான். அவன் ஆல்டர்னேற்றரைக் கழற்றி முடிக்கும்வரை அன்ரி அந்தக் காரின் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒரு துவாயில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது ஒரு சின்ன அம்மிக்கல் அளவு பாரம். ஹைவே முழுவதும் இறக்கி வைக்கவில்லை.

"கீழை வையுங்கோவன் அன்ரி."

"நீ ரோட்டைப் பார்."

அடுத்த சிக்கல், காரைக் கராஜுக்குக் கொண்டுபோவது. பற்றரியைக் கழற்றி என் குசினியில் வைத்துச் சார்ஜ் ஏற்றினோம். அது தீருமுன் போய்ச் சேரவேண்டும் என்பதால் ஹீற்றர் கூடாது, வைப்பர் கூடாது, சிக்னல் கூடாது என்று அன்ரி சட்டம் போட்டார். அன்றைக்கென்று பனி கொட்டியது. அன்ரி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, அகப்பையால் கண்ணாடியை வழித்துக்கொண்டே ஓட்டினார். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் என் ஜன்னலால் கையை நீட்டவேண்டும்.

"வடிவா நீட்டு! பிச்சை கேக்கிற மாதிரி நீட்டாதை!"

செல்வனின் கராஜ் வாசலுக்குள் நுழைந்ததும் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. கடைசி ஓரடி தூரத்தை நாங்கள் தள்ளினோம். தள்ளுவது இழுப்பதில் சேராது என்று அன்ரி தீர்ப்புச் சொன்னார்.

செல்வன் குளிர்நீரை வடித்து, பழையதைக் கழற்றி, ஒஷாவாக் காரின் ஆல்டர்னேற்றரைப் பூட்டி, பெல்ற்றைப் போட்டு, மறுபடி நீர் நிரப்பினான். ஸ்டார்ட் பண்ணியதும் மீற்றரைக் காட்டி, "சார்ஜ் ஏறுது அன்ரி" என்றான். அன்ரி மீற்றரை நம்பவில்லை. உள்ளே ஏறி லைற், ஹீற்றர், வைப்பர், ரேடியோ என்று இருந்த அத்தனையையும் போட்டார். கார் அசையாமல் உறுமிக்கொண்டு நின்றது.

அவர் இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உள்ளேயே இருந்தார். நாங்கள் குளிரில் வெளியே நின்றோம். செல்வன் கராஜைப் பூட்டும் நேரமும் கடந்தது. ஒருவழியாகக் கண்ணாடி இறங்கியது.

"என்ன, படமே ஓடுது? ஏறு!"

அதற்குப் பிறகும் கார் இரண்டு விண்டர் ஓடியது. பிறகு அன்ரியின் கண் மங்கி, லைசென்ஸ் பறிபோயிற்று. காரைச் செல்வன்தான் வாங்கினான். கடைசியாக நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்து பிழை பிடிக்க, கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பும்போது லோரன்ஸ் வீதி பஸ்ஸில் வந்தோம். வழி முழுக்க ஒருவரையும் ஏசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பஸ்ஸால் இறங்கியபோது நடைபாதை முழுக்க ஐஸ். "வழுக்கும்" என்று சொல்லி அன்ரி என் கையைப் பிடித்தார். மெல்ல மெல்ல நடந்து கட்டடத்துக்குள் வந்தோம். வாசல் கடந்து, கம்பளம் விரித்த கூடம் கடந்து, லிஃப்டுக்குள் ஏறிய பிறகும் கையை விடவில்லை.

அங்கே ஐஸ் இல்லை என்று நானும் சொல்லவில்லை.