பூட்டண்ணனும் பெரிய துரை என்ற ஆடும்

2025 நவம்பர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால் மணி. எங்கள் பகுதியான குனோங் ராபாட்டில் எதிரே இருக்கும் சுண்ணாம்புக் குன்றே தெரியாதபடி மழை. அந்த மழையில்தான், ஈப்போவிலேயே யாராலும் ஏமாற்ற முடியாத ஒரே மனிதர் ஏமாந்தார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. வீட்டுக் கதவில் மட்டும் நான்கு பூட்டுகள். வாய்க்குப் போட்டிருப்பதையும் சேர்த்தால் ஐந்து. சிலிம் ரிவர் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். தோட்டத்தை விற்றுச் செம்பனை நட்டதும் இருவரும் ஈப்போவுக்கு வந்தோம். அவர் லாரி ஓட்டினார், நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். என்னை விட மூன்று வயது மூத்தவர். இன்று வரை என்னைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார். என் உண்மைப் பெயரைப் பொது இடத்தில் சொல்வது ஆபத்தாம்.

ஒருமுறை பேரங்காடியில் பணம் வாங்கும் பெண் வழக்கம்போல் அவரிடம், “போன் நம்பர், அங்கிள்?” என்று கேட்டாள்.

“நான் வெங்காயம் வாங்க வந்தேம்மா. பொண்ணு பாக்க வரல.”

வரிசையில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

கைபேசியின் கேமரா வழியாக யாரோ பார்க்கிறார்கள் என்று மூட்டு வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டி அதன் மேல் ஒட்டியிருந்தார். அவர் போன் பேசினால் அந்த மருந்து நெடியில் பக்கத்தில் இருப்பவருக்குச் சளி விட்டுப் போகும். பார்சல் வந்தால் முகவரித் தாளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். அடையாள அட்டை நகல் கேட்டால், ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று குறுக்கே எழுதித் தருவது நல்ல பழக்கம்தான். இவர் எழுதுகிற எழுத்தில் அட்டையே மறைந்துவிடும். மூன்று அலுவலகங்கள் திருப்பி அனுப்பின.

கண் மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். வலது கண்ணில் புரை. தாதி அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் எழுந்து சண்டைக்குப் போனார்.

“என் பேர ஏன்மா ஊருக்கே கூவுற?”

அந்தப் பெண் பாவம், அடுத்த முறை பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். “கண் புரை அங்கிள், உள்ள வாங்க.”

காத்திருந்த இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறுவைக்குச் சுமார் நாலாயிரம் வெள்ளி ஆகும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவர் அரிசி டின்னில் பணம் சேர்த்தார். இணைய வங்கி, அட்டை எதுவும் அவரிடம் கிடையாது.

போன் பேசுபவர்களுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். ஒரே கேள்வி.

“தோட்டத்துல, மூணாவது லயத்துல, தண்ணிப் பைப்புகிட்ட கட்டிக் கெடந்த ஆட்டுக்குப் பேரு என்ன?”

ஆட்டின் பெயர் ‘பெரிய துரை.’ வேலை செய்யாமல் நாள் முழுக்கத் தின்றது என்பதால் தோட்ட மேனேஜரின் பட்டத்தையே வைத்துவிட்டார்கள். மேனேஜர் காதில் விழுந்தால் வேலை போகும். ஆகவே லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், உங்கள் மேல் வழக்கு இருக்கிறது என்று மிரட்டிய ஒருவனிடம் இதைக் கேட்டார். அவனே போனை வைத்துவிட்டான். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய தங்கை மகன், புதுமனை புகுவிழாவுக்கு அழைக்கப் போன் செய்தான்.

“மாமா, தோட்டத்த வித்தப்புறந்தான் நானே பொறந்தேன். ஆட்டுக்கு நான் எங்க போவேன்?”

“அப்ப உங்கம்மாவப் பேசச் சொல்லுலா,” என்று வைத்துவிட்டார். தங்கை கோபித்துக்கொண்டு பேசவேயில்லை. விழாவுக்கும் இவர் போகவில்லை.

இதற்கிடையில் எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் வாட்சப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். நூற்று எண்பத்தாறு பேர். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று முகநூலில் வாசலைத் திறந்து போட்டிருந்தார்கள். பூட்டண்ணன் மட்டும் சேரவில்லை. ஒருநாள் யாரோ லயத்துப் படத்தைப் போட்டு, ‘ஞாபகம் இருக்கா சொந்தங்களே?’ என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பதில்கள். யார் வீடு எது, யாருக்கு என்ன பட்டப்பெயர், யார் யாருக்குச் சிநேகிதர். ஆடும் வந்தது, பெயரோடு. ஓர் அக்கா, ‘பூட்டண்ணன் நம்பர் வேணுமே’ என்றார். அதையும் ஒரு புண்ணியவான் போட்டார். தோட்டத்து ஆட்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை எங்களுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

“பூட்டண்ணே, நான் கணக்கு. என் போன் தொலஞ்சிருச்சு. நெஞ்சு வலிண்ணே, ஆஸ்பத்திரில இருக்கேன். பணம் கட்டுனாத்தான் பாப்பாங்களாம்.”

அவர் விட்டுவிடவில்லை. ஆட்டைக் கேட்டார்.

“பெரிய துரை.”

அரிசி டின்னைக் கவிழ்த்தார். மழையில் மோட்டார் சைக்கிளில் வங்கிக்குப் போனார். பணம் போடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெண் ஊழியர், “யாருக்கு அனுப்புறீங்க அங்கிள்? தெரிஞ்சவங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருந்தால் போதும்.

“அது என் சொந்த விஷயம்மா,” என்றாராம்.

“திரையில வேற பேரு வந்திருக்குமேண்ணே? என் பேரு இல்லியே?” என்று பிறகு கேட்டேன்.

“வந்துச்சு. பரவால்ல, நீயும் பேர மறைக்கக் கத்துக்கிட்டேன்னு சந்தோஷப்பட்டேன்.”

அன்று மாலையே இருவரும் வங்கிக்குப் போன் செய்தோம், போலீசுக்குப் போனோம். முழுப் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி என்று அந்த இளம் போலீஸ்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆயுள் முழுக்கப் பூட்டி வைத்ததையெல்லாம் பூட்டண்ணன் பதினோரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். குரலில் சண்டையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பணம் அதற்குள் நான்கு கணக்குகள் தாண்டிப் போய்விட்டதாம். “சூசா, அங்கிள்,” என்றார் போலீஸ்காரர். கஷ்டம்தான் என்று எங்களுக்கும் தெரிந்திருந்தது.

பணத்தை நான் தருகிறேன் என்றேன். “கேட்டது நீ இல்லியே, நீ ஏன் குடுக்குற?” என்றார். கண் அறுவைக்கு அரசாங்க மருத்துவமனையில் பதிந்திருக்கிறோம். முறை எப்போது வரும் என்று தெரியாது. இப்போது அவர் யார் போனையும் எடுப்பதில்லை, பரீட்சையும் இல்லை. “ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னா நேர்ல வந்து சொல்லு,” என்கிறார். உடம்பு சரியாக இருக்கும்போதே தினமும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். வலது கண் மங்கியதால் குரலைக் கேட்ட பிறகுதான் பூட்டைத் திறக்கிறார்.

அன்று பணம் போட்ட கையோடு அவர் மூன்று மருத்துவமனைகளில் என்னைத் தேடியிருக்கிறார். எங்கும் இல்லை என்றதும், ஆறரை மணிக்கு என் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றார். கையில் வடையோடு கதவைத் திறந்தேன். தலை முதல் கால் வரை என்னைப் பார்த்தார்.

“விட்டுட்டாங்களா?” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கோவிச்சுக்காதப்பா. நீ ஆறாயிரம் கேட்ட. டின்ல மொத்தமே நாலாயிரத்து முந்நூறு வெள்ளிதான்லா இருந்துச்சு.”